மருத்துவப் படிப்புக்குத் தகுதியானவரை மதிப்பெண் மட்டும் காட்டிவிடுமா?

கேள்வி (உயிரியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி):

அனைவருக்கும் வணக்கம். என் மாணவியர் இருவர் இவ்வாண்டு நீட் எழுதினார்கள். ஒருத்திக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. இன்னொருத்திக்குச் சில மதிப்பெண்களில் தவறிப்போனது. அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் கட்டைப் பிரித்து, சலைன் ஊற்றிக் கழுவி, புண்ணின் அகலத்தை அடிக்கோலால் அளந்து நோட்டில் குறித்துவைத்து, மாதாமாதம் மருத்துவரிடம் காட்டுவாள். கட்டுப் போடும்போது பாட்டியிடம் ஏன் ஓயாமல் பேசுகிறாய் என்று கேட்டேன். "வலிச்சா பாட்டி சொல்லாது டீச்சர், பேச்சை நிறுத்திடும், அதை வெச்சுத்தான் கையைத் தளர்த்துவேன்" என்றாள். 180 வினாக்களும் 720 மதிப்பெண்களும் கொண்ட தேர்வில் இந்தத் திறனைப் பதிவுசெய்ய ஓர் இடமும் இல்லை. இதை அளந்து சேர்க்கை நடத்தும் முறை எங்கேனும் உண்டா? இங்கே அது சாத்தியமா?

மறுமொழி 1 (கனடாவிலிருந்து):

உண்டு, அம்மா. இங்கே ஒன்டாரியோவிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான பல்நிலை நேர்காணல் முறையைப் பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. ஏறத்தாழ பத்து அறைகள். ஒவ்வோர் அறையிலும் சுமார் எட்டு நிமிடம். அறைக்கு அறை வேறு சூழல், வேறு மதிப்பீட்டாளர். ஓர் அறையில் நடிகர் ஒருவர் கலங்கிப்போன உறவினராக அமர்ந்திருப்பார்; மாணவர் அவரிடம் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார் என்பதே தேர்வு. ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் கவிழ்த்துவிடாது என்பதுதான் இதன் பலம். ஆனால் இதற்கும் பணம் கட்டிப் பயிலும் வகுப்புகள் வந்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற மருத்துவர்):

ஆசிரியை அம்மாவின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அச்சம் வருகிறது. 1970களின் தொடக்கத்தில் நான் நேர்காணலுக்குச் சென்றபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?" என்பதே. என் தந்தை நெசவாளர். அன்று தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, பொதுத்திறன், நாட்டம் என்று தலைப்புகள் வகுத்திருந்தும், தலைப்புவாரியாக இடாமல் மொத்தமாக மதிப்பெண் இட்டதைப் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. பின்னர் 1981இல், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்தது. கண்ணுக்குத் தெரியாத குணத்தை அளக்கப் புகும்போது, அளப்பவர் கண்ணுக்குத் தெரிகிற சட்டையும் பேச்சும்தான் எடையில் ஏறுகின்றன. உங்கள் மாணவி அந்த அறையில் வாய் திறந்திருப்பாளா என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 3 (மருத்துவக் கல்லூரி ஆசிரியர்):

ஐயா சொல்வது உண்மை. எனினும் நேர்முகத் தேர்வு எல்லாமே அப்படி இருந்ததில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வுக்குப் பின், சில நாட்கள் மாணவர்களைத் தங்கவைத்து, குழுவாக வேலை செய்யும் விதத்தையும் கவனித்தே தேர்ந்தெடுத்தது. நீட் கட்டாயமானதும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. 2020இல் உச்ச நீதிமன்றமும் நீட்டையே உறுதிசெய்தது.

ஆகவே வாசலில் அளக்க முடியாததை உள்ளே வளர்க்க வேண்டியிருக்கிறது என்பதே என் நிலைப்பாடு. 2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம், மருத்துவர் நல்ல தொடர்பாளராகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடப்பகுதியே வைத்துள்ளது. ஆனால் அந்த வகுப்பு வரும்போது மாணவர்கள் உடற்கூறியல் புத்தகத்தை மேசைக்கடியில் விரித்துவைத்திருக்கிறார்கள். தேர்வில் அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் அவ்வளவு சொற்பம். மாற்றம் வேண்டுமானால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கேட்டவரின் பதில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்டது சரியே. அந்நியர் முன் அவள் தலை நிமிர்ந்துகூடப் பேச மாட்டாள். அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதுகிறாள். அதுவரை கட்டுப் போடும் வேலையை அவளுடைய அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அளந்து எழுதுவதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.