ஈவில் டெட் 2: எங்கே சிரித்தீர்கள், எங்கே சிரிப்பு நின்றது?

ராக்கோழி:

முதல் பாகத்தை நம்பி இரண்டாம் பாகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் வாங்க, அவரவர் கதையைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன். 1981-இல் வந்த முதல் படம் என்னை நன்றாகவே ஆட்டிவைத்திருந்தது. அதே இயக்குநர் சாம் ரைமி, அதே நாயகன் ஆஷாக புரூஸ் கேம்ப்பெல், காட்டுக்குள் அதே மாதிரி ஒரு மர வீடு, அதுவும் 1987-இல் பல மடங்கு காசு போட்டு எடுத்தது என்றால் பயமும் பல மடங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டு, நடுராத்திரியில் விளக்கை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் சூடுபிடிப்பதற்குள்ளேயே ஆஷின் காதலி லிண்டாவுக்குப் பேய் பிடித்து, தலை போய், புதைத்தும் ஆயிற்று. அப்புறம் அந்தத் தலையில்லாத உடம்பு மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து நிலா வெளிச்சத்தில் பாலே ஆடுகிறது. ஆட்டம் என்றால் நிஜ ஆட்டம், சுழன்று சுழன்று, தலையையும் சேர்த்துக்கொண்டு. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சரியான படத்தைத்தான் போட்டிருக்கிறேனா என்று பெயரை மறுபடி பார்த்தேன்.

ஆனால் என்னை நிஜமாகவே உலுக்கியது அந்தச் சிரிப்பு சீன். ஆஷ் வீட்டுக்குள் தனியாக இருக்கிறான். சுவரிலிருந்து பீய்ச்சியடித்த ரத்தத்தில் முழுக்க நனைந்து, ஓய்ந்துபோய் ஒரு நாற்காலியில் உட்காருகிறான், நாற்காலி மடமடவென்று உடைந்து கீழே விழுகிறான். எத்தனையோ காலமாகக் கோமாளிகள் செய்கிற வித்தைதான். உடனே சுவரில் மாட்டியிருக்கும் மான் தலை அவனைப் பார்த்துத் திரும்பிச் சிரிக்கிறது. மேசை விளக்கு கழுத்தை வளைத்து வளைத்துச் சிரிக்கிறது, புத்தகங்கள் சிரிக்கின்றன, வீடே சிரிக்கிறது. அவனும் சேர்ந்து சிரிக்கிறான், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவன் வாய் அதே அகலத்தில்தான் திறந்திருக்கிறது, ஆனால் வருவது அலறல். எந்த நொடியில் மாறியது என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தேன், அதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கு எது?

பாதியில் எழுந்தவன்:

பேரைப் பார்த்தாலே தெரியும். "உலகத்திலேயே பயங்கரமான படம், வாடா" என்று நண்பர்கள் கூட்டம் கூட்டி உட்காரவைத்தார்கள். நிலவறைக் கதவுக்கு அடியில் அந்தக் கிழவிப் பேய் தலையை நீட்ட, கதவை ஓங்கி மிதிக்க, அதன் கண்முழி தெறித்துப் பறந்து எதிரே கத்திக்கொண்டிருந்த பெண்ணின் வாய்க்குள் போய் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். பேய்ப்படம் என்றால் பேய்க்காவது ஒரு மரியாதை வேண்டாமா? பயமுறுத்த வந்தால் பயமுறுத்து, சிரிக்கவைக்க வந்தால் சிரிக்கவை, ரெண்டையும் ஒரே வாணலியில் போட்டால் எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான் என் அனுபவம்.

மேடைக்காரன்:

நான் மேடையில் அடிவாங்குகிற பாத்திரங்கள் செய்கிறவன், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு விழவும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் படம் எனக்குத் தொழில் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. "சமையலறையில் ஒருத்தன் தன் கையோடேயே சண்டை போடுவான், அதை மட்டும் பாரு" என்று ஒரு மூத்த நடிகர் சொன்னார். பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன், எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

மேடையில் ஒரு அறை விழுந்த மாதிரி தெரியவேண்டும் என்றால் அடிக்கிறவனுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. எல்லாம் வாங்குகிறவன் கழுத்திலும் முதுகிலும் இருக்கிறது. அடிக்கிற கை காற்றில் போகும், வாங்குகிறவன் தலையைத் திருப்புகிற வேகத்தில்தான் பார்க்கிறவர்களுக்குக் கன்னம் வலிக்கும். இங்கே அடிக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே ஆள். பேய் பிடித்த வலது கை ஆஷின் மண்டையில் ஒவ்வொரு தட்டாக எடுத்து உடைக்கிறது, முடியைப் பிடித்துத் தொட்டியில் மோதுகிறது, வயிற்றில் குத்துகிறது, கடைசியில் அவனையே தூக்கித் தலைகீழாகச் சுழற்றித் தரையில் போடுகிறது. சட்டையைத் தானே பிடித்துக்கொண்டு தானே குட்டிக்கரணம் போட்டு முதுகு தரையில் அடிபட விழவேண்டும், அதுவும் வேறு யாரோ தூக்கிப்போட்ட மாதிரி. முயன்று பார்க்காதீர்கள், முதுகு போய்விடும்.

அவன் கண்ணைக் கவனியுங்கள். கை ஒரு காரியம் செய்து முடித்த பிறகுதான் கண் அந்தப் பக்கம் போகிறது, எப்போதும் அரைத் தாளம் பின்னால். வலது தோளுக்குக் கீழே நடப்பது எதுவும் தனக்குத் தெரியாது என்று அந்த ஆள் முடிவு செய்துவிட்டார், அந்த முடிவை ஒரு நொடிகூட விடவில்லை. கைக்குத் தனியாக ஒரு கீச்சுக் குரல் வேறு கொடுத்திருக்கிறார்கள், எலி முணுமுணுக்கிற மாதிரி, அதனால் நமக்கும் அது இன்னொரு பாத்திரம் ஆகிவிடுகிறது. பிறகு அவன் மயங்கிக் கிடக்கும்போது அந்தக் கை விரல் நகத்தைத் தரையில் ஊன்றி ஊன்றி, மொத்த உடம்பையும் இழுத்துக்கொண்டு, தூரத்தில் கிடக்கிற வெட்டுக்கத்தியை நோக்கிப் போகிறது. அங்கே சிரிப்பு குறைய ஆரம்பிக்கும். அவன் விழித்துக் கையைக் கத்தியால் தரையோடு குத்தி நிறுத்திவிட்டு, மெஷின் ரம்பத்தின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுக்கிறபோது சுத்தமாக நின்றுவிடும்.

பாதியில் எழுந்த நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ரைமியும் கேம்ப்பெல்லும் பள்ளிக்கூடக் காலத்திலேயே சூப்பர் 8 கேமராவில் 'த்ரீ ஸ்டூஜஸ்' பாணியில் குட்டிப் படங்கள் எடுத்துப் பழகியவர்கள். அந்தப் பழைய கோமாளிப் படங்களில் ஒருத்தன் கண்ணில் விரலை விட்டுக் குத்துவான், அடுத்த ஷாட்டில் கண் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் ஆகாது என்பதுதான் நாம் சிரிப்பதற்கு அவர்கள் கொடுக்கிற உத்தரவாதம். இந்தப் படம் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு அந்த உத்தரவாதத்தை மட்டும் கிழித்துப்போட்டுவிட்டது. தட்டு உடைந்தால் சிரிப்பு, ஆனால் அந்தத் தட்டின் கீறல் கடைசி வரை அவன் முகத்திலேயே இருக்கிறது. வெட்டிய கை வெட்டியதுதான். ரெண்டையும் கலக்கவே இல்லை ஐயா, ஒன்றின் கணக்கை இன்னொன்றில் எழுதிவிட்டார்கள்.

தலைகீழ்:

நான் மூன்றாம் பாகமான 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' முதலில் பார்த்தவன். கோட்டை, குதிரை, வாள், எலும்புக்கூட்டுப் படை என்று பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்துக்கு வந்தால், இந்த ஆள் எப்படி அந்தக் காலத்துக்குப் போனான் என்பதே இதன் கடைசியில்தான் வருகிறது. எல்லோரும் "என்னடா இது முடிவு" என்று வாயைப் பிளக்கும் இடத்தில் நான் மட்டும் "அட, வந்துட்டான்யா" என்று கைதட்டினேன். என்னை மாதிரி பார்த்தவர்கள் யாராவது உண்டா?

ஒரு சந்தேகம். முதல் படத்தில் கூட வந்த நண்பர்கள் எல்லாம் எங்கே? இதன் ஆரம்பத்தில் ஆஷும் லிண்டாவும் மட்டும்தானே வருகிறார்கள்?

ரப்பர் முகம்:

தலைகீழ், அது உரிமைச் சிக்கல். முதல் படத்தின் காட்சிகளை வெட்டி ஒரு முன்கதைச் சுருக்கம் போடலாம் என்று நினைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் காட்சிகளைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கவில்லை. அதனால் ஆரம்பக் கதையைச் சுருக்கி, இரண்டே ஆட்களை வைத்துப் புதிதாக எடுத்துவிட்டார்கள். இது தொடர்ச்சியா, மறுபடி எடுத்ததா என்று இன்றைக்கும் சண்டை நடப்பது அதனால்தான்.

நான் பொழுதுபோக்காக முகமூடி செய்கிறவன். லேடெக்ஸ், நுரை ரப்பர், எப்போதும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பசை. எனக்கு இந்தப் படம் ஒரு பாடப்புத்தகம் மாதிரி, அதனால் பயமும் இல்லை சிரிப்பும் இல்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்த நிலவறைக் கிழவி ஹென்ரியெட்டா இருக்கிறாளே, பேயாக வருகிற இடங்களில் அந்த உடைக்குள் இருப்பது இயக்குநரின் தம்பி டெட் ரைமி. உடம்பு முழுக்க ரப்பர். அவள் அந்தரத்தில் சுழல்கிற ஒரு ஷாட்டில் காதுப் பக்கத்திலிருந்து ஏதோ திரவம் ஒழுகும். மேக்கப் வேலை என்று நினைத்து வியந்துகொண்டிருந்தேன், பிறகு படித்தால் அது உள்ளே தேங்கியிருந்த அந்த மனுஷனின் வியர்வை! நான் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாலே மூச்சு முட்டும், அவர் அதைப் போட்டுக்கொண்டு கயிற்றில் தொங்கி ஆடியிருக்கிறார். வட கரோலினாவில் வேட்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்குள் வீட்டு செட் போட்டுத்தான் உள்காட்சிகளை எடுத்திருக்கிறார்கள்.

ரத்தத்தின் நிறத்தைக் கவனித்தீர்களா? சிவப்பு மட்டும் இல்லை, பச்சை, கறுப்பு என்று வகைவகையாக வரும். சிவப்பைக் குறைத்தால் தணிக்கைக்காரர்கள் கொஞ்சம் இரங்குவார்கள் என்ற நப்பாசை. அது பலிக்கவில்லை. கடைசியில் சான்று இல்லாமலேயே வெளியிட்டார்கள், அதற்கென்றே ரோஸ்பட் என்று ஒரு வினியோகப் பெயரை உருவாக்கி. ஆனால் அந்தக் கலர் ரத்தம் படத்துக்கு நல்லதுதான் செய்தது என்பேன். சுவரிலிருந்து அத்தனை குடம் ரத்தம் கொட்டும்போது நம் மனசு அதை ரத்தமாக எடுத்துக்கொள்வதில்லை, தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்ட கூத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

சின்ன விஷயம் இன்னொன்று, அடுத்த முறை பாருங்கள்: கருவிகள் இருக்கும் கொட்டகைக்குள், இன்னொரு பேய்ப்பட இயக்குநர் வெஸ் க்ரேவனின் படத்தில் வரும் வில்லன் ஃப்ரெடி க்ரூகரின் கத்தி விரல் கையுறை தொங்கும். ரைமி முதல் படத்தில் க்ரேவனின் பழைய படம் ஒன்றின் போஸ்டரைக் கிழித்து மாட்டினார், க்ரேவன் தன் படத்தில் டிவியில் 'ஈவில் டெட்' ஓடவிட்டார், இது அதற்குப் பதில். பேய்ப்பட இயக்குநர்கள் ஒருத்தரை ஒருத்தர் கிச்சுகிச்சு மூட்டுவது இப்படித்தான்.

மொட்டைமாடி:

எனக்குப் படத்தைவிட அம்மா பார்த்ததுதான் அனுபவம். அம்மாவுக்குப் பேய்ப்படம் என்றாலே ஆகாது, தலைப்பு வரும்போதே எழுந்து போய்விடுவார். நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மடிக்க வேண்டிய துணியோடு உள்ளே வந்தவர், தட்டு உடைக்கிற சத்தம் கேட்டு நின்றார். "என்னடி பண்ணுது அந்தக் கை?" என்றார். சொன்னேன். துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நடுநடுவே "பாவம்டி, அந்தப் பையனை ஒரு நிமிஷம் நிம்மதியா விடமாட்டேங்குது" என்று வேறு. வெட்டுகிற இடத்தில் மட்டும் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கொஞ்சம் பின்னால் ஓட்டி, கைச் சண்டைக்கு முன்னால் வரும் கண்ணாடி சீனைக் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை. ஆஷ் கண்ணாடியைப் பார்த்து எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தன்னைத் தேற்றிக்கொள்வான், உள்ளேயிருந்து அவன் பிம்பமே வெளியே பாய்ந்து வந்து அவன் காதலியை என்ன செய்தான் என்று கேட்டுக் கழுத்தை நெரிக்கும், கடைசியில் பார்த்தால் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருப்பான். அம்மா, "தனியா இருந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் போனில் சித்தியிடம் மொத்தக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார், பேய் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முழுக்கக் கை பற்றித்தான்.

ராக்கோழி:

மொட்டைமாடி, உங்கள் அம்மாவை இங்கே எழுதச் சொல்லுங்கள்.

மேடைக்காரன் சொன்ன உத்தரவாத விஷயம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஸ்டூஜஸ் பக்தி எவ்வளவு என்றால், அந்தக் குழுவின் ஷெம்ப் 1955-இல் இறந்த பிறகு பாக்கியிருந்த படங்களை முடிக்க, முகம் தெரியாமல் முதுகைக் காட்டி ஒரு டூப்பை நடிக்கவைத்தார்கள் அல்லவா, அதைக் கேலி செய்து ரைமி தன் முதல் படத்தின் டைட்டிலிலேயே துணை ஆட்களுக்கு 'ஃபேக் ஷெம்ப்ஸ்', அதாவது போலி ஷெம்ப்கள், என்று பேர் போட்டிருப்பார். அதாவது கோமாளித்தனம் முதல் பாகத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தை ஸ்டீபன் கிங் புகழ்ந்து எழுதினார், பிறகு அவரே தயாரிப்பாளர் டினோ டி லாரன்டீஸிடம் பரிந்து பேசியதில்தான் இரண்டாம் பாகத்துக்குப் பணம் வந்தது. கை நிறையக் காசு வந்ததும் உள்ளே இருந்த கோமாளி வெளியே வந்துவிட்டான் போல. 2013-இல் வந்த புதிய 'ஈவில் டெட்' அவனை மறுபடி உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது. நல்ல படம்தான், ஆனால் எனக்கு அதில் ஏதோ உப்பு குறைந்த மாதிரியே இருந்தது.

பாதியில் எழுந்தவன்:

எல்லோரும் சேர்ந்து இவ்வளவு சொன்னதால் நேற்று அந்தச் சமையலறை சீனை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். மேடைக்காரன் சொன்ன அரைத் தாளம் உண்மைதான், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மட்டும்தான் பார்க்கத் தோன்றுகிறது. சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். சரி, கை வரைக்கும் சம்மதம். அந்தப் பறக்கிற கண்முழிக்கு மட்டும் யாராவது ஒரு நியாயம் சொல்லுங்கள், இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.