டெல்லிக் குளிரில் காரை எப்போது கழுவுவது?

மயூர் விஹார்வாசி: ஜனவரியில் தினமும் காலையில் பானெட் முழுக்கத் தூசியும் பனியும் சேர்ந்து சேறாக நிற்கிறது. துடைக்க வருபவர் ஒரே வாளித் தண்ணீரில் தெருவையே முடிக்கிறார், பெயின்டில் வட்ட வட்டமாகக் கீறல். நானே கழுவலாமா?

துவாரகாக்காரன்: தாராளமாக, ஆனால் மதிய நேரத்தில். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள், அப்புறம்தான் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும். காய்ந்த தூசிமேல் துணி வைத்தாலே கீறல்தான். போர்வெல் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை பிடித்துக்கொள்ளும்.

மயூர் விஹார்வாசி: சரி சார். கண்ணாடிக்கு வெந்நீர்?

ஆர்.கே.புரம்: வேண்டவே வேண்டாம், விரிசல் விடும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியோடு டிஃபாகர் போடுங்கள். குளிரில் டயர் காற்றும் குறையும், பார்த்துக்கொள்ளுங்கள்.