வெடைக்கோழிக்கு (இன்னும் முட்டை வைக்காத இளங்கோழி) லேயர் தீவனம் (முட்டைக்கோழித் தீவனம்) எப்போ? (16 வாரம்னு சொல்றவங்களுக்கு)

கொங்குப்பண்ணை: நேத்து ஒருத்தர் வீடியோவுல அடிச்சு விடறார்: "நாலு மாச வெடையை வாங்கியாந்த அன்னைக்கே லேயர் தீவனம் கொட்டுங்க, மூணே வாரத்துல முட்டை." லேயர் தீவனத்துல சுண்ணாம்புச்சத்து மூணரை சதவீதம். வளர்ற கோழிக்குப் போடற குரோவர் தீவனத்துல ஒண்ணுதான். முட்டையே கட்டாத கோழி மிச்சத்தை எங்க கொண்டுபோய் வைக்கும்? சிறுநீரகம் கெட்டு, அறுத்துப் பார்த்தா ஈரல், இருதயம் மேல வெள்ளையடிச்ச மாதிரி உப்பு படிஞ்சிருக்கும். முட்டைக்கு வர்ற அறிகுறி தெரியற வரைக்கும் குரோவர்தான்.

முட்டைக்கணக்கு: வீடியோ என்னுதுதான், பேரைச் சொல்லியே திட்டலாம். நான் சொன்னது 16 வாரம், 8 வாரம் இல்ல. முட்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கோழி எலும்புக்குள்ள சுண்ணாம்பைச் சேர்க்க ஆரம்பிச்சிரும். அப்போ தராம விட்டா ஓடில்லாத தோல்முட்டை, அப்புறம் கோழி நிக்க முடியாம காலு செத்துரும். 18ல முட்டைன்னா 16ல மாத்தணும். கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

கொங்குப்பண்ணை: 18ல வைக்கிறேன்னு கோழி எழுதிக் குடுத்துச்சா? வாரத்தை எண்ணாதீங்க, கோழியைத் தூக்கிப் பாருங்க. கொண்டை சிவந்திருக்கணும். முதுகுல கை வெச்சா பதுங்கணும். எச்சத்துவாரத்துக்குக் கீழ ரெண்டு எலும்பு முனை தட்டுப்படும், அதுக்கு நடுவுல ரெண்டு விரல் போகணும். ஒரு விரலுக்கே இடமில்லாத கோழிக்கு மூணரை சதவீதமா?

சிறுவிடைக்காரன்: ரெண்டு பேரும் மூட்டைத் தீவனத்துக்கு ஏஜெண்டா? சிறுவிடை நாட்டுக்கோழிக்குக் கம்பு, உடைச்ச சோளம், கரையான் போதும். ஆறு மாசத்துல தானா வைக்கும்.

முட்டைக்கணக்கு: தானா வெச்சிட்டு, பத்துப் பன்னெண்டு முட்டையில அடைக்கு உக்காந்துக்கும். முட்டைக்காக வளர்க்கிறவங்க பேசற இடம்ணே இது.

சிறுவிடைக்காரன்: உங்க வெள்ளை லேயருக்கு அடைன்னா என்னன்னே தெரியாது. அதெல்லாம் ஒரு கோழி!

புதுக்கூண்டு: சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. சந்தையில வெடைன்னு சொல்லி விக்கிறதை நம்பி வாங்கலாமா?

கொங்குப்பண்ணை: பண்ணையில கழிச்ச கிழட்டுக் கோழியையும் வெடைன்னு தள்ளிவிடுவாங்க தம்பி. மஞ்சக்கால் இனத்துல காலும் அலகும் வெளுத்திருந்தா ஏற்கெனவே நிறைய முட்டை வெச்ச கோழி. வெடைக்குக் காலு நல்ல மஞ்சளா, செதில் வழவழன்னு இருக்கும், எச்சத்துவாரம் சின்னதா வறண்டிருக்கும். 8 வாரத்துல வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க, ரெக்கைத் தோலுக்கடியில அரை மில்லி. வாங்கியாந்ததை ரெண்டு வாரம் தனியா அடைங்க. தீவனத்தை ஒரே நாள்ல மாத்தாதீங்க, வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. 16 வாரம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

முட்டைக்கணக்கு: ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு மருந்து தரணும்னு சொல்ல மறந்துட்டீங்களே நிபுணரே?

கொங்குப்பண்ணை: அதே நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் குளோரின் போட்ட குழாய்த்தண்ணியில கலக்கச் சொன்னவர் பேசறாரு பாருங்க! தடுப்பூசிக் கிருமி அதுலயே செத்துரும். கிணத்துத்தண்ணி, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பில்லாத பால்பவுடர். அந்த வீடியோவை இன்னும் நீக்கல.

முட்டைக்கணக்கு: அது போன வருஷத்துச் சண்டை. இங்க பேச்சு 16 வாரம். சரி, உங்க வழிக்கே வர்றேன்: ஒரே கூண்டுல முட்டை வைக்கிறதும் வெடையும் கலந்து நின்னா என்ன போடுவீங்க?

கொங்குப்பண்ணை: எல்லாத்துக்கும் குரோவர், கிளிஞ்சல் தனிச் சட்டியில. முட்டைக்கோழி தேவைக்குக் கொத்திக்கும், வெடை அனேகமா சீண்டாது. கிளிஞ்சல் குருணையா இருக்கணும், மாவா வேண்டாம். குருணை, தீனியை அரைக்கிற அரைவைப்பைக்குள்ள தங்கி ராத்திரியில கரையும், ஓடு கட்டறது அப்பதான். அப்புறம் அந்த "மூணே வாரத்துல முட்டை"க்காக 16 வாரத்துலயே ராத்திரி பல்பும் போடச் சொல்றீங்க. உடம்பு முத்தாம முட்டைக்கு வந்தா முட்டைக்குழாய் வெளிய பிதுங்கும், மத்த கோழி அதைக் கொத்தியே கொன்னுரும்.

சிறுவிடைக்காரன்: சிறுவிடைக்குப் பல்பும் வேண்டாம், கிளிஞ்சலும் வேண்டாம். யாரும் கேக்க மாட்டேங்கறீங்க.

முட்டைக்கணக்கு: பல்பை நான் 18க்கு அப்புறம்னுதான் சொன்னேன். வீடியோவை முழுசாப் பாத்துட்டு வாங்க. தீவனம் 16.

கொங்குப்பண்ணை: ரெண்டு விரல்.