பிரஸ்ஸில் போன விரலுக்கு யார் பொறுப்பு?

மூன்றாம் ஷிப்ட் (ஓசூர்):
2023-ல் என் தம்பிக்கு வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகடு அடிக்கும் பவர் பிரஸ் மிஷினில் போய்விட்டன. அப்போது வயது 30. கான்ட்ராக்ட் வேலை, மாதம் 15,000 சம்பளம், பிடித்தம் எதுவும் கிடையாது. அந்த மிஷினில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் மேல் டை (மேல் அச்சு) இறங்க வேண்டும். அன்றைக்கு அது கால் பெடலில் ஓடிக்கொண்டிருந்தது. "பாதுகாப்பை நீயே எடுத்துவிட்டாய், சட்டப்படி உனக்கு ஒன்றும் கிடையாது" என்று சொல்லி 50,000 ரூபாயைக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் போட்ட கையெழுத்து அது. இது எந்த ஊர் நியாயம்?

குறிச்சி பட்டறை (கோவை):
தம்பிக்கு நடந்தது கொடுமை. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 12 பேரை வைத்து நான்கு பிரஸ் ஓட்டுகிறேன். இரண்டு கை பட்டன் என் செலவில்தான் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை. 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டமே, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதால் காயம் பட்டால் முதலாளி பொறுப்பில்லை என்று சொல்கிறது. நான் ஒவ்வொரு ஆள் பின்னாலும் நிற்க முடியுமா?

மூன்றாம் ஷிப்ட்:
அண்ணா, பெடலுக்கு மாற்ற செலக்டர் சுவிட்சில் சாவி போட வேண்டும். அந்தச் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். என் தம்பி எப்படி மாற்றியிருப்பான்? பட்டனில் ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. டார்கெட்டே பெடல் வேகத்துக்குப் போட்டது.

குறிச்சி பட்டறை:
சாவி அவர்களிடம் இருந்தால் அது நிர்வாகத்தின் தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பட்டறையில் நடப்பதைத்தான் கேட்கிறேன். அங்கே மரத்துண்டைச் செருகியது யார்?

இஎஸ்ஐ அக்கா (திருப்பூர்):
பல வருடமாகத் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மனு எழுதிக்கொடுக்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுவது தம்பிக்குப் பொருந்தாத சட்டத்தை வைத்து. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, சம்பளம் 21,000-க்குள் என்றால் அவர் இஎஸ்ஐ-க்குள் வந்துவிட்டார். பணம் கட்டாதது முதலாளி குற்றம். அதற்காகத் தொழிலாளியின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கொடுத்ததை இஎஸ்ஐ கழகம் முதலாளியிடம் வசூல் பண்ணிக்கொள்ளும்.

முக்கியமானது இது: 1948 இஎஸ்ஐ சட்டத்தில் 51பி என்று ஒரு பிரிவு. தொழிலாளி உத்தரவை மீறியே வேலை செய்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலை என்றால் விபத்து வேலையில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். மரத்துண்டு செருகியவனும் உங்கள் பீஸைத்தான் அடித்துக்கொண்டிருந்தான், ஐயா. இப்போது புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் இது 2023 விபத்து என்பதால் பழைய சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

மூன்றாம் ஷிப்ட்:
அக்கா, 1923 சட்டப்படி இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு. 15,000-ல் 60 சதவீதம் 9,000, 30 வயதுக்குச் சட்டம் சொல்லும் பெருக்கல் எண் 207.98, கணக்குப் போட்டால் 3,74,364 ரூபாய். இஎஸ்ஐ-யில் மாதாமாதம் சில்லறையாகத்தானே வரும்? எங்களுக்குக் கடன் இருக்கிறது, மொத்தமாக வந்தால்தான் நிமிர முடியும்.

இஎஸ்ஐ அக்கா:
கடனை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனால் இதில் நாம் தேர்ந்தெடுக்க இடமில்லை. இஎஸ்ஐ-க்குள் வந்தவர் அந்த 1923 சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியாது, இஎஸ்ஐ சட்டத்தின் 53-ம் பிரிவு தடுக்கிறது. மருத்துவக் குழு 20 சதவீதம் என்று போட்டால், சம்பளத்தில் 90 சதவீதத்தில் 20, சுமார் 2,700 ரூபாய் மாதாமாதம், ஆயுள் முழுக்க வரும். வேலையில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குத் தனியாக 90 சதவீதம். மொத்தப் பணம் ஒரு வருடத்தில் கரைந்து, வேலையும் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தாளுக்குப் பயப்படாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் செல்லாது. ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டு, சம்பளம் ஏறிய பாஸ்புக், கூட வேலை பார்த்த இரண்டு பேர், இதெல்லாம் இருக்கிறதா? ஏற்கனவே தாமதம், இனி ஒரு நாளும் விடாதீர்கள்.

குறிச்சி பட்டறை:
51பி எனக்குத் தெரியாது. இருந்தாலும் இழப்பீடு வேறு, விரல் போகாமல் இருப்பது வேறு. பட்டனை மாற்றப் போகிறேன்: இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். மரத்துண்டு செருகினால் மிஷினே ஓடாது. ஆனால் எண்ணிக்கை குறையும். எனக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி வருடா வருடம் பீஸ் விலையைக் குறைக்கிறது. அவர்களையும் இந்தப் பேச்சுக்குள் இழுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்:
சீட்டு இருக்கிறது, "மெஷின் காயம்" என்றே எழுதியிருக்கிறார்கள். பாஸ்புக்கும் இருக்கிறது. சாட்சிக்கு ஒருவர் வருகிறேன் என்கிறார். இன்னொருவர் இன்னும் அதே பிரஸ்ஸில்தான் ஓட்டுகிறார், அதனால் தயங்குகிறார். திங்கட்கிழமை கிளை அலுவலகம் போகிறோம், அக்கா.