11 நாள் தனியா கார் ஓட்டிட்டு வந்தேன், இப்ப நான் இருக்கற வாடகை வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல. வேற வீடு பாக்கலாமா?

பயணப்பை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க, நிஜமாவே குழம்பிப் போயிருக்கேன்.

நேத்து ராத்திரிதான் திரும்பி வந்தேன். 11 நாள், 2,640 கிலோமீட்டர், நான் மட்டும்தான். இதுக்கு முன்னாடி தனியா பக்கத்து ஊர் வரைக்கும்கூட ஓட்டினதில்ல. முதல் ரெண்டு நாள் பயம், மூணாவது நாள்ல இருந்து அந்த பயம் எங்க போச்சுன்னே தெரியல. ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு மணி நேரம் ஓட்டுவேன், இருட்டறதுக்குள்ள எங்கயாவது ரூம் எடுத்துடுவேன். எல்லா ரூமும் சின்னது, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஆனா ஒம்பதரை மணிக்கு படுத்தா அலாரம் இல்லாம விடிஞ்சுதான் எழுந்திருப்பேன். எனக்கு தூக்கம் வராத உடம்புன்னு மூணு வருஷமா நெனச்சுட்டு இருந்தவ நான்.

நேத்து ராத்திரி வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை. குப்பை வாடை இல்ல, நனைஞ்ச துணியை மூட்டை கட்டி வெச்ச மாதிரி. லைட் போட்டேன், ஹால் எப்பவும் இருக்கறத விட சின்னதா தெரிஞ்சுது. பையை ஹால்லயே வெச்சுட்டு படுத்தேன், இன்னும் பிரிக்கல. பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ மெயின் ரோடு, பஸ் பிரேக் போடற சத்தம், பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை, ஒண்ணரைக்கு ஒரு தடவை முழிப்பு வந்துடுச்சு. இதே சத்தத்துலதான் மூணு வருஷமா தூங்கினேனா?

அக்ரிமெண்ட் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கு, புதுப்பிக்கறதா காலி பண்றதான்னு ஓனர்கிட்ட சொல்லணும். தூக்கம் வராம விடிகாலைலயே போன்ல வீடு தேட ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு வீடு கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு ஊருக்கு வெளிய, பெருசு, சுத்தி மரம், ஆனா ஆபீஸுக்கு இப்ப ஆகறத விட 35 நிமிஷம் கூட ஆகும், ஒரு வழிக்கு. ஆறு மணி நேரம் அலுக்காம ஓட்டின எனக்கு 35 நிமிஷம் பெருசா என்னன்னு தோணுது. இன்னொண்ணு இப்ப இருக்கற இடத்துக்குப் பக்கம்தான், உள் தெரு, இதை விட சின்ன வீடு.

என் கேள்வி இதுதான். ஊர் சுத்திட்டு வந்த மயக்கத்துல இப்படித் தோணுதா, இல்ல வீட்டுலயே குறை இருந்து நான்தான் இவ்வளவு நாள் கவனிக்காம இருந்தேனா? இதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

பழைய டைரி:

முதல்ல நல்லபடியா வந்து சேர்ந்தீங்களே, சந்தோஷம்மா. ஆனா கொஞ்சம் பொறுங்க. நேத்து காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்கன்னு கணக்கு போட்டுப் பாருங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு கவனம் தடுமாறும்னு 1997-லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அந்த நிலைல ஹாலைப் பார்த்தா ஹாலும் சின்னதாத்தான் தெரியும், வாழ்க்கையும் சின்னதாத்தான் தெரியும்.

இன்னொண்ணு, 11 நாள் ஜன்னல் பூட்டிக் கிடந்தா எந்த வீட்டுலயும் வாடை வரும். எல்லா ஜன்னலையும் திறந்து விடுங்க, பையைப் பிரிச்சு அடுக்குங்க, நாலு ராத்திரி நல்லா தூங்குங்க. பை ஹால்ல கிடக்கற வரைக்கும் மனசும் ரோட்டுலயேதான் கிடக்கும். எனக்கும் ஒரு பெரிய பயணம் முடிஞ்சு வந்தப்ப வேலையவே விட்டுடலாம்னு தோணுச்சு, ரெண்டு வாரத்துல அது தானா அடங்கிடுச்சு. அதனால இந்த வாரம் யார்கிட்டயும் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துடாதீங்க.

ஈரச்சுவர்:

டைரி அண்ணன் அட்வான்ஸ் பத்தி சொன்னதுக்கு முழு சம்மதம். ஆனா நாலு நாள் விட்டுப் பாருங்கன்னு சொன்னதை ஒத்துக்க மாட்டேன். இந்த விஷயத்துல காத்திருந்தா நஷ்டம்.

காரணம் மூக்கு. ஒரு வாடைக்குள்ளயே இருந்தா கொஞ்ச நேரத்துல மூக்கு அதை உணர்றதை நிறுத்திடும், அதனாலதான் நம்ம வீட்டு வாடை நமக்கே தெரியாது, வர்றவங்களுக்குத்தான் தெரியும். 11 நாள் வெளிய இருந்துட்டு வந்ததால உங்க வீட்டுக்குள்ள நீங்களே விருந்தாளி மாதிரி நுழைஞ்சிருக்கீங்க சகோதரி. சத்தமும் அப்படித்தான், ஹால் அளவும் அப்படித்தான். இன்னும் ரெண்டு மூணு நாள்ல எல்லாம் பழகிடும், அப்புறம் கேட்டா "பரவால்லயே"ன்னுதான் சொல்வீங்க. அதனால இன்னிக்கே ஒரு நோட்டை எடுத்து என்னென்ன உறுத்துதோ ஒண்ணு விடாம எழுதிடுங்க. முடிவு ரெண்டு வாரம் கழிச்சு எடுங்க, எழுதறதை இன்னிக்கு எழுதுங்க.

நனைஞ்ச துணி வாடைன்னு நீங்க சொன்னதும் எனக்கு ஓதம்னுதான் பட்டுச்சு. வெளிய போயிட்டு பத்து நிமிஷம் கழிச்சு உள்ள வந்து நேரா அலமாரிகிட்ட போங்க, அடித்தட்டு மூலையில மூக்கை வெச்சுப் பாருங்க. பாத்ரூமுக்கு ஒட்டின சுவர், சிங்க்குக்கு கீழ, கட்டிலோட தலைமாட்டுப் பின்பக்கம், இந்த மூணும் கட்டாயம். பெயிண்ட் பொரிஞ்சிருக்கா, வெள்ளையா உப்பு பூத்திருக்கா, கை வெச்சா மத்த சுவரை விட ஜில்லுனு இருக்கா பாருங்க.

சந்தேகமா இருந்தா இதைச் செய்யுங்க. ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் ஷீட்டை சதுரமா வெட்டி, சுவர்ல வெச்சு நாலு பக்கமும் இடைவெளி இல்லாம டேப் ஒட்டிடுங்க. 24 மணி நேரம், முடிஞ்சா 48 மணி நேரம் விடுங்க. ஷீட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது ரூம் பக்கம் ஈரம் பூத்திருந்தா காத்துல இருக்கற ஈரம், வீடு பூட்டிக் கிடந்ததால வந்திருக்கும், ஜன்னலைத் திறந்தாலே சரியாகும். ஷீட்டுக்கு உள்ள, சுவர் பக்கம் முத்து முத்தா நின்னா சுவரே தண்ணி குடிச்சிருக்கு. அதுக்கு ஊர் சுத்தின மயக்கம் காரணமா இருக்க முடியாது.

காலை வண்டி:

அந்த 35 நிமிஷத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதே தப்பைப் பண்ணிட்டு ரெண்டு வருஷம் அனுபவிச்சவன் நான், அக்கா.

போற 35, வர்ற 35, ஒரு நாளைக்கு 70 நிமிஷம் கூடுதல். மாசம் 22 வேலை நாள்னா 25 மணி நேரத்துக்கு மேல, அதாவது மாசத்துல ஒரு முழு நாள் ராத்திரி பகலா ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி. ட்ரிப்ல ஓட்டினது வேற அக்கா, அங்க எப்ப கிளம்பணும், எங்க நிக்கணும்னு எல்லாம் உங்க இஷ்டம், ரோடும் தினம் புதுசு. ஆபீஸுக்குப் போறப்ப இன்னொருத்தர் வெச்ச நேரத்துக்கு, அதே சிக்னல்ல, அதே பம்பரைப் பார்த்துட்டு நிக்கணும். டேனியல் கானமன்னு ஒரு உளவியலாளரோட குழு 2004-ல டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட முந்தின நாள் பொழுதை மணி மணியா கேட்டு வாங்கினாங்க, அதுல காலைல வேலைக்குப் போற பயணம்தான் சந்தோஷக் கணக்குல கடைசி இடத்துக்குப் போச்சு. சேசரே மார்கெட்டின்னு ஒரு இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல எழுதினது இன்னொண்ணு, நடந்து போன காலத்துல இருந்து கார்ல போற காலம் வரைக்கும் மனுஷங்க போக வர சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் ஒரு மணி நேரம்தான் செலவழிக்கறாங்களாம், வண்டி வேகமாச்சுன்னா தூரமா குடி போவாங்க, நேரம் மாறாது. உங்களுக்கு கூடுதல் மட்டுமே அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிடுது.

எனக்கு கார் ஓட்டறதுன்னா உசுரு. அந்த வீட்டுக்குப் போன ஆறாவது மாசம் ஞாயித்துக்கிழமை சாவியைக் கையில எடுக்கவே பிடிக்கல. மரம் நிறைய இருந்துச்சு, உண்மைதான், ஆனா நான் வீடு வந்து சேர்றப்ப இருட்டாயிடும், மரத்தைப் பார்த்ததே இல்ல.

அஞ்சு வீடு மாறினவ:

நல்ல நல்ல பதிலா வருது. நான் வீடு பாக்கப் போறப்ப என்ன செய்வேன்னு சொல்றேன்மா, எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்கோ.

உனக்கு பெரிய வீடு வேணும்னு எனக்குத் தோணல. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல் உள்ள ரூம்ல 11 நாள் நிம்மதியா தூங்கினேன்னு நீயே எழுதியிருக்க. அப்ப உனக்கு என்ன வேணும்னு அந்த ரூமெல்லாம் உனக்குச் சொல்லிடுச்சு. அந்த ரூம்கள்ல எது நல்லா இருந்துச்சுன்னு உக்காந்து எழுது, சத்தமில்லாததா, ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு, சாமான் கம்மியா இருந்ததா. அதை வெச்சு வீடு தேடு.

எந்த வீட்டையும் ஒரே தடவை பார்த்து முடிவு பண்ணாத. புரோக்கர் கூட்டிட்டுப் போற நேரம் பெரும்பாலும் பகல் பதினொரு மணி, அப்ப எல்லா தெருவும் அமைதிதான். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஒரு தடவை போ. பெட்ரூம்ல கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு லைட்டை அணைச்சுட்டு பத்து நிமிஷம் பேசாம உக்காரு. ரூம் காட்ட வந்தவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும், அங்க தூங்கப் போறது நீதான். தூங்கற ரூம்ல 30 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போன்ல இருக்கற சத்தம் அளக்கற ஆப் துல்லியமா காட்டாது, ஆனா ஒரே போனை வெச்சு உன் இப்போதைய பெட்ரூமையும் புது பெட்ரூமையும் ஒரே நேரத்துக்கு அளந்தா வித்தியாசம் தெரிஞ்சுடும். 10 டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம், அதனால சின்ன நம்பர்னு விட்டுடாத.

அப்புறம் தண்ணி. ஷவரைத் திறந்து விட்டுட்டு சமையல் ரூம் குழாயையும் திற, ஷவர் நூலா இறங்குதான்னு பாரு. ஃப்ளஷ் பண்ணிட்டு தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாரு. தரை டைல்ஸை விரல் முட்டியால தட்டிப் பாரு, டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா அடியில பிடிமானம் இல்ல. கதவு ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஓடற விரிசல் இருக்கா பாரு, மயிரிழை அளவு விரிசல் பூச்சுல வர்றதுதான், அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல வாய் பிளந்திருந்தா அந்த வீடு வேண்டாம். நாலு சுவர் பழசா இருந்து ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடிச்சிருந்தா, ஏன்னு கேளு. நான் கேக்காம விட்டு ஒரு வீட்டுல ஒரு மழைக்காலம் முழுக்க புத்தகங்களைக் கட்டில் மேல அடுக்கி வெச்சுட்டு நான் தரையில படுத்தேன்.

மேற்கு சுவர் எதுன்னு போன் காம்பஸ்ல பாத்துக்கோ, சாயங்கால வெயில் முழுக்க அந்தச் சுவர் குடிச்சு ராத்திரி உள்ள விடும், அந்தப் பக்கம் பெட்ரூம் இருந்தா யோசி. உள்ள போன் டவர் கிடைக்குதான்னும் பாத்துடு, சின்ன விஷயம்தான்.

பயணப்பை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொரு பதிலையும் நாலு தடவை படிச்சுட்டேன். ஆறு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

டைரி அண்ணா, பையைப் பிரிச்சுட்டேன், நல்லா தூங்கினேன்னுதான் சொல்ல முடியல. ஆனா தலை தெளிஞ்சுடுச்சு, ஹால் பழையபடி தன்னோட அளவுக்கு வந்துடுச்சு, அது அசதிதான்.

வாடை அசதி இல்ல. ஈரச்சுவர் சொன்ன மாதிரி வெளிய போயிட்டு வந்து அலமாரி அடித்தட்டுல மூக்கை வெச்சேன், குப்னு அடிச்சுது. உள்ள இருந்த போர்வையெல்லாம் எடுத்துட்டு டார்ச் அடிச்சேன், மூலையில உள்ளங்கை அகலத்துக்கு கறுப்பும் பச்சையுமா பூஞ்சை. அந்தப் பக்கம் பாத்ரூம். பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினேன், ரெண்டு நாள் ஜன்னல் எல்லாம் திறந்தே வெச்சிருந்தேன், பிரிச்சப்ப வெளிப்பக்கம் சுத்தமா காஞ்சிருந்துச்சு, உள்பக்கம் வேர்த்த மாதிரி தண்ணி நின்னுது, விரலால தொட்டதும் வழிஞ்சு ஓடுச்சு. மூணு வருஷமா காலைல எழுந்ததும் தும்மிட்டு இருக்கேன், ட்ரிப்ல ஒரு நாள்கூட தும்மலங்கறது அப்பதான் உறைச்சுது. இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது, டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டப் போறேன்.

ஓனருக்கு போட்டோ அனுப்பினேன், குழாய் கசியும், ஆள் விட்டு சரி பண்றேன்னு சொன்னார். அதனால ஓதம் தீர்ந்துடலாம். ரோடு எங்கயும் போகாதே. ராத்திரி பதினொன்றரைக்கு என் பெட்ரூம்ல ஆப் வெச்சு அளந்தேன், பஸ் நிக்கறப்ப 58 காட்டுச்சு.

ஊருக்கு வெளிய இருக்கற வீட்டைப் போய் பார்க்கவே இல்ல. தம்பி எழுதின 25 மணி நேரம்ங்கற கணக்கைப் பார்த்ததும் அந்த ஆசை விட்டுப் போச்சு. எனக்கு கார் ஓட்டறது இனிமேலும் பிடிக்கணும்.

உள் தெரு வீட்டை ரெண்டு தடவை பார்த்துட்டேன். சமையல் ரூம் ரொம்ப ஒடுக்கம், ஆள் ஒருத்தர் திரும்பலாம், அவ்வளவுதான். ஹால்ல இப்ப இருக்கற சோபா நுழையாது, கொடுத்துட வேண்டியதுதான். நேத்து ராத்திரி ஒம்பதரைக்கு அக்கா சொன்னபடி பெட்ரூம்ல லைட்டை அணைச்சுட்டு உக்காந்தேன். எங்கயோ ஒரு குழாய் சொட்டற சத்தம், பக்கத்து வீட்டுல யாரோ நாற்காலி நகர்த்தற சத்தம், அவ்வளவுதான். ஆப்ல 34. காட்ட வந்த பெரியவர் வாசல்லயே நின்னு காத்துட்டு இருந்தார், பத்து நிமிஷம்னு சொல்லிட்டு இருபது நிமிஷம் உக்காந்துட்டேன்.

இன்னும் சரின்னு சொல்லல. டைல்ஸ் தட்டினேன், பால்கனி பக்கம் மூணு டைல்ஸ் வெத்துச் சத்தம், அதை எழுதி வாங்கிட்டு சரி பண்ணித் தரச் சொல்லணும். ஷவர் நல்லா வருது. அலமாரியில மூக்கை வெச்சேன், மர வாடைதான். திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு எத்தனை நிமிஷம்னு வந்து எழுதறேன்.