வழுவறிக்கையை உறுதிப்படுத்த உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல்லில் அழைப்பிதழ் வடிவமைக்கும் நான் பயன்படுத்தும் கட்டற்ற எழுத்துச் செயலியில், எழுத்து இடைவெளியைக் கூட்டிப் பிடிஎஃப் எடுத்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து நடுவே புள்ளிவட்டம் விழுகிறது, திரையில் சரியாகவே தெரிவதால் அச்சான பிறகுதான் கண்ணில் படுகிறது.

மோசில்லா திட்டம் 1998-இல் வெளியிட்ட பக்ஸில்லா என்ற கருவியில்தான் இந்த எழுத்துச் செயலியின் திட்டமும் வழுக்களை, அதாவது மென்பொருள் பிழைகளை, பதிகிறது. என் அறிக்கை இன்னும் ‘உறுதிப்படுத்தப்படாதது’ என்ற நிலையிலேயே இருக்கிறது. வேறொருவர் தம் கணினியில் அதே வழுவை வரவழைத்துக் காட்டினால்தான் அது ‘புதியது’ என்று மாறும். ‘எனக்கும் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் (நம்மவர் வழக்கம் அதுதான்) பயனில்லை. பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு மூன்றையும் குறிப்பிட வேண்டும்.

உபுண்டுவிலோ விண்டோஸிலோ சோதித்துப் பார்க்க இயலுமா? ஒரே வரியுள்ள மாதிரிக் கோப்பை இணைத்துள்ளேன். மேலும், நிரலில் செய்த ஆயிரம் மாற்றங்களுக்குள் வழுவுக்குக் காரணமானதைப் பத்தே சோதனைகளில் பிடிக்கும் கிட் பைசெக்ட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் தேடல்) முறையில் பழகியவர் எவரேனும் இருந்தால், எனக்கு வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.