மோசேயின் பெற்றோரும் பிறப்பும்: வாசிக்கும்போது நம்மை நிறுத்திய இடங்கள்

ஞாயிறு பள்ளி ஆசிரியை

வேதாகமத்தில் மோசேயின் பிறப்பைச் சொல்லும் யாத்திராகமத்தின் 6ஆம் அதிகாரத்து வம்சப் பட்டியலை வகுப்புகளில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அன்று பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாக முழு அதிகாரத்தையும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மோசேயின் தகப்பன் அம்ராம் தன் அத்தையாகிய யோகெபேத்தை மணந்தான் என்னும் 20ஆம் வசனம் வந்ததும், வாசித்த சிறுமி விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டு, "அத்தை மகளையா, அத்தையையேவா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. அத்தை மகளை மணப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அத்தையோ தாயின் இடத்தில் இருப்பவள்.

அத்தையையே என்றுதான் சொன்னேன். எண்ணாகமம் 26:59 யோகெபேத்தை எகிப்தில் லேவிக்குப் பிறந்த மகள் என்கிறது. அம்ராமோ லேவியின் மகனாகிய கோகாத்தின் மகன். இதே உறவை லேவியராகமம் 18:12 தடைசெய்கிறது. கடவுளின் கட்டளைகளாகிய நியாயப்பிரமாணத்தை மக்களிடம் கொண்டுவந்த மோசேயின் பெற்றோர், அந்தப் பிரமாணத்தின்படி மணந்திருக்கவே முடியாதவர்கள். 2ஆம் அதிகாரம் லேவி குடும்பத்து ஒருவன், லேவி குலத்து ஒருத்தி என்று பெயரே சொல்லாமல் நகர்ந்துவிட, 6ஆம் அதிகாரம் பெயரையும் உறவையும் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. தங்கள் தலைவரைப் பற்றி இதை மறைக்காமல் எழுதியவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

கணக்கர் மகன்

சகோதரி அந்தப் பட்டியலில் உறவைப் பார்த்தார். என் தகப்பனார் அதில் எண்களைப் பார்த்தார். பார்வை மங்கிய பிறகு நான் வாசிக்க அவர் கேட்பார். இந்த அதிகாரத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, "கோகாத்துக்கு 133, அம்ராமுக்கு 137, பார்வோனுக்கு முன் நின்றபோது மோசேக்கு 80, கூட்டிச் சொல்லு" என்றார். 350 என்றேன். "எகிப்தில் இருந்தது 430 வருஷம் என்று 12ஆம் அதிகாரம் சொல்லுகிறதே" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கோகாத்து யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களில் ஒருவன் என்று ஆதியாகமம் 46:11 சொல்வதால், மகன் பிறந்த ஆண்டிலேயே தந்தை இறந்ததாக வைத்தாலும் கணக்கு எட்டவில்லை.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. பழைய ஏற்பாட்டின் பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தும், சமாரியர் காத்துவந்த தோராவும் (மோசேயின் ஐந்து நூல்கள்) அந்த 430 ஆண்டுகளில் முன்னோர் கானானில் வாழ்ந்த காலத்தையும் சேர்க்கின்றன. இரண்டாவது, பட்டியலில் இடைத்தலைமுறைகள் விடப்பட்டிருக்கின்றன என்பது. எனக்கு இதுவே ஏற்புடையது. எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் கோகாத்தின் வம்சத்தில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும் 8,600 பேர் எண்ணப்படுகிறார்கள். அம்ராமியர் அவர்களில் ஒரு பிரிவு. மோசே கோகாத்தின் சொந்தப் பேரன் என்றால், அவர் காலத்திலேயே இத்தனை பேர் எங்கிருந்து வந்திருப்பார்கள்? மோசேக்கு இளையவரும் அவருக்குப் பின் தலைவரானவருமான யோசுவாவுக்கோ 1 நாளாகமம் 7இல் எப்பிராயீமிலிருந்து நீண்ட பெயர்வரிசை இருக்கிறது. ஆகவே சகோதரி பிள்ளைகளிடம் முதலில் கரும்பலகையில் லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று எழுதி, பக்கத்தில் யோசுவாவின் வரிசையையும் எழுதி, இரண்டின் நீளத்தையும் அவர்களே ஒப்பிடும்படி செய்ய வேண்டும். அத்தை பற்றிய கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அம்ராம் முன்னோன் மட்டுமே என்றால் அந்தக் கேள்வியின் கனமே குறைந்துவிடும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி

ஐயா சொல்லும் விடையில் யோகெபேத்து முன்னோர் பட்டியலுக்குள் போய்விடுகிறாள். அதை நான் ஏற்க மாட்டேன். எண்ணாகமம் 26:59 அவள் ஆரோனையும் மோசேயையும் அவர்கள் சகோதரி மிரியாமையும் பெற்றாள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுகிறது.

ஒரு இரவுப் பணியில், சேலையால் மூடிக்கொண்டு பாலூட்டிய இளம் தாய் ஒருத்தி, மற்றவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று குழந்தையின் அழுகையை அடக்கப் பாடுபட்டாள். எபிரெயரின் ஆண்பிள்ளைகளை ஆற்றில் போடச் சொன்ன பார்வோனின் கட்டளைக்குத் தப்ப, யோகெபேத்து மோசேயை ஒளித்துவைத்த அந்த மூன்று மாதங்கள் அப்போதுதான் எனக்கு விளங்கின. பிறந்த குழந்தையின் மெல்லிய குரல் ஒரு வீட்டுக்குள் அடங்கும். மூன்றாம் மாதத்தில் அடங்காது. ஆரோன் மோசேக்கு மூன்று வயது மூத்தவன் என்று யாத்திராகமம் 7:7 காட்டுகிறது. கேட்டதையெல்லாம் வெளியே சொல்லிவிடும் வயதுப் பிள்ளை ஒன்றும் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. பிறகு பிள்ளையை ஆற்றோரம் வைக்க நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசிய கைகளைப் பற்றி யாராவது இன்னும் எழுதுங்கள். அந்தப் பெட்டியைக் கண்டெடுத்த பார்வோனின் மகளிடம் கூலி பெற்று, தன் பிள்ளைக்கே பாலூட்டினாள் அந்தத் தாய்.

உம்மும்மாவின் பேரன்

செவிலிச் சகோதரி கேட்டதற்கு என் உம்மும்மா சொன்னதையே எழுதுகிறேன். நாங்கள் மூஸா நபி என்று அழைக்கும் மோசேயின் தாயார் பிள்ளையை ஆற்றில் விட்ட பிறகு அவர் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் கூறுகிறது. அந்த இடம் வந்தால் உம்மும்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிடுவார். "பாலூட்ட வந்த பெண்கள் ஒருத்தியிடமும் பிள்ளை பால் குடிக்கலை. அல்லாஹ் தடுத்துட்டான், பெத்தவகிட்டயே திரும்பணும்னு" என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். தூர நின்று கவனித்த சகோதரி எங்கள் வேதத்திலும் வருகிறார்.

ஆனால் பிள்ளையைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டவர் பார்வோனின் மனைவி, மகள் அல்ல. எங்கள் மரபு அவரை ஆசியா என்று அழைக்கிறது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை

யாத்திராகமம் அவளை மகள் என்கிறது, பெயரைச் சொல்லவில்லை. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தெர்மூதிஸ் என்று எழுதினார். யூத அறிஞர்களோ 1 நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில் வரும் பார்வோனின் மகள் பித்தியாளே அவள் என்றார்கள். கணக்கர் மகன் ஐயாவுக்கு ஒன்று: யோசுவாவின் வரிசையை அடுத்த வகுப்பில் பலகையில் எழுதுகிறேன். அத்தையைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போட மாட்டேன். அந்தச் சிறுமி கேட்டது அதைத்தான்.